ஏரிக்கரையில் வீடு வாங்கும் முன் தண்ணீரை எப்படி எடைபோடுவது?

கேள்வி இதுதான். ஐந்து வயது மகள், ஆறு மாதக் கைக்குழந்தை, ஒரு நாய். ஏரியை ஒட்டிய ஒரு வீடு பிடித்துப் போய்விட்டது. பார்க்கப் போன நாளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஏரி சின்னது, நடுவிலேயே மூன்று மீட்டர்தான் ஆழம். எதிர்க்கரை முழுக்க வயல். குடிக்க ஆழ்துளைக் கிணறு, கழிவுக்கு ஒரு பழைய செப்டிக் டேங்க். "தண்ணீர் தரத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கலாம், எதை வைத்து முடிவெடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல வருடங்களாக ஏரிகளில் மாதிரி எடுப்பதே என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், முதல் இடம் தண்ணீருக்குத்தான். கூரை ஒழுகினால் மாற்றிக்கொள்ளலாம், ஏரி கெட்டால் தனி ஒரு குடும்பத்தால் எதுவும் செய்ய முடியாது. ஏரியின் தலையெழுத்தை எழுதுவது அதற்குள் வந்து சேரும் தண்ணீர். அதனால் கரையில் நின்று பார்ப்பதைவிட வரத்து வாய்க்கால்களை நடந்து பார்ப்பது பல மடங்கு பயன் தரும்.

கண்ணாடி மாதிரி இருந்தது என்றீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். தெளிவு நல்ல அறிகுறிதான், ஆனால் தனியாக எதையும் நிரூபிக்காது. அமில மழையால் பாழான ஏரிகள் பல அற்புதமான தெளிவோடு இருந்தன. உள்ளே உயிர் குறைந்து போனதுதான் காரணம். வட அமெரிக்கப் பேரேரிகளில் 1980களின் கடைசியில் வரிக்குதிரைச் சிப்பி புகுந்தது. அது தண்ணீரை வடிகட்டித் தெளிய வைத்தது, ஆனால் நச்சு உண்டாக்கும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசியை மட்டும் வேண்டாமென்று துப்பிவிட்டு மற்றப் பாசிகளைத் தின்றது. போட்டியில்லாமல் நச்சுப்பாசி செழித்தது. இன்னொரு பக்கம், டீ நிறத்தில் இருக்கும் சில காட்டு ஏரிகள் ஆரோக்கியமாகவே இருக்கும். இலைதழை ஊறிய நிறம் அது. கிருமிகளோ எந்த நிறத் தண்ணீரிலும் கண்ணுக்குத் தெரியாது.

தெளிவை அளக்க எளிய கருவி ஒன்று உண்டு. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் அறிஞரும்கூட, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டு ஒன்றைக் கடலில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தார். இன்றும் ஏரிகளில் அதைத்தான் செய்கிறோம். 20 செ.மீ. அகலத் தட்டு, கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்வட்டங்கள், அளவு குறித்த கயிறு. ஆழமான ஏரியில் தட்டு 4 மீட்டருக்குக் கீழேயும் தெரிந்தால் ஊட்டச்சத்து குறைந்த, சுத்தமான ஏரி. 2 மீட்டருக்குள் மறைந்தால் பெரும்பாலும் பாசி மிகுந்த ஏரி. ஒரு நாள் அளவு ஒரு புகைப்படம் மாதிரி, அவ்வளவுதான். வேண்டியது வெயில் காலக் கடைசி வாரங்களின் அளவுகள், அதுவும் குறைந்தது ஐந்து வருடத்துக்கு. ஏரியைக் கவனிக்கும் அரசுத் துறையிடமோ கரைவாசிகள் சங்கத்திடமோ இந்தப் பதிவுகள் இருக்கக்கூடும். கேட்டு வாங்குங்கள்.

பதிவே இல்லை என்றால் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015இலிருந்து எடுத்த படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்து மீட்டர் அளவிலான விவரம் தெரியும், சில நாட்களுக்கு ஒரு படம் இருக்கும். உங்கள் ஏரியை ஒவ்வொரு வருடமும் கோடை முடிவில் எப்படி இருந்தது என்று வரிசையாகப் பாருங்கள். பச்சைத் திட்டு சுழித்துக்கொண்டு கிடந்தால் அப்படியே தெரியும். விற்பவர் சொல்லாததை இந்தப் படங்கள் சொல்லி நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது எதிர்க்கரை வயல்களுக்கு வருவோம், ஏனென்றால் என் கவலை முழுக்க அங்கேதான். நன்னீர் ஏரியில் பாசியின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 226ஆம் எண் ஏரி நடுவில் இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி இருக்கும். 1973இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் அந்த இடுப்பில் திரை கட்டி, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப்பசேல் என்று ஆனது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படம் பல நாடுகளில் சலவைத்தூள் பாஸ்பேட்டுக்குத் தடை வருவதற்கு ஒரு காரணமாக அமைந்தது. வயல் உரம், மாட்டுச் சாணம், கழிவுநீர், அரித்து வரும் மண் எல்லாம் பாஸ்பரஸைக் கொண்டுவருபவை. மழை பெய்த மறுநாள் வயல்பக்க வாய்க்காலில் கலங்கலாக ஓடும் தண்ணீர்தான் அடுத்த கோடையின் பாசி.

ஆய்வு அறிக்கை கிடைத்தால் "மொத்தப் பாஸ்பரஸ்" என்ற வரியைத் தேடுங்கள். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் அருமை. 30, 35ஐத் தாண்டினால் ஏரி சத்து மிகுந்து போயிருக்கிறது, பாசி அடிக்கடி வரும். 100க்கு மேல் என்றால் குழந்தைகளோடு அந்தக் கரைக்குக் குடிபோக நான் சம்மதிக்க மாட்டேன்.

"வயல்காரர்கள் உரத்தைக் குறைத்தால் சரியாகிவிடுமே" என்று தோன்றும். ஆழமான ஏரியில் அது நடக்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் கழிவுநீரை 1960களில் படிப்படியாகத் திருப்பிவிட்டு 1968இல் வேலையை முடித்தார்கள். சில வருடங்களிலேயே தண்ணீர் தெளிந்துவிட்டது. அது ஆழமான ஏரி, அதன் தண்ணீரும் இரண்டு, மூன்று வருடத்தில் முழுதாக மாறிவிடும். ஸ்வீடனின் ட்ரும்மன் ஏரி ஆழமில்லாதது. கழிவு வருவதை நிறுத்திய பிறகும் வருடக்கணக்கில் பாசி குறையவே இல்லை. அடிச்சேற்றில் சேர்ந்திருந்த பாஸ்பரஸ் திரும்பத் திரும்ப மேலே வந்துகொண்டிருந்தது. 1970-71இல் சேற்றை வாரி எடுத்த பிறகே விடிவு வந்தது. உங்கள் மூன்று மீட்டர் ஏரி இந்த இரண்டாவது வகை. கொஞ்சம் காற்று அடித்தாலே அடிவண்டல் கிளம்பும்.

ஆழமில்லாத ஏரிகளுக்கு வேறொரு குணமும் உண்டு. அவை இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் நிற்கும். ஒன்று, நீர்த்தாவரங்கள் நிறைந்து தண்ணீர் தெளிந்த நிலை. மற்றது, தாவரங்கள் அற்றுப் பாசியும் கலங்கலுமான நிலை. தாவரங்களின் வேர் சேற்றைப் பிடித்து வைக்கிறது. பாசியைத் தின்னும் நுண்ணுயிர்கள் இலைகளுக்கிடையில் மீன்களிடமிருந்து ஒளிந்து பிழைக்கின்றன. யாராவது "களை" என்று அவற்றை அடியோடு அழித்தாலோ, புல் தின்னும் கெண்டை வகைகளைக் கொண்டுவந்து விட்டாலோ, ஏரி ஒரே பருவத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடலாம். திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். ஆகவே கரையோரம் நாணலும் நீருக்குள் செடிகளும் இருந்தால் முகம் சுளிக்காதீர்கள், அவைதான் உங்கள் தண்ணீரைக் காக்கின்றன. மாறாக, "போன மாதம்தான் செடியெல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணினோம்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், என்ன மருந்து போட்டார்கள், எத்தனை வருடமாகப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அதன் தாமிரம் சேற்றிலேயே தங்கிவிடும்.

நீலப்பச்சைப்பாசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தையும் நாயும் உள்ள வீட்டுக்கு ஏரியால் வரக்கூடிய பெரிய ஆபத்துகளில் ஒன்று அது. பெயரில் பாசி இருந்தாலும் உண்மையில் அது ஒரு பாக்டீரியா. மேலே பச்சை பெயின்ட் கொட்டிய மாதிரி படரும். எல்லாப் படலமும் நச்சு அல்ல, ஆனால் எது நச்சு என்று கண்ணால் சொல்ல முடியாது. மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு கல்லீரலைத் தாக்கும். வேறு சில வகை நச்சு நரம்பைத் தாக்கும். நாய்கள் அந்தத் தண்ணீரில் இறங்கிவிட்டு ரோமத்தை நக்குவதாலேயே செத்திருக்கின்றன, சில சமயம் சில மணி நேரத்துக்குள். குழந்தைகள் நீந்தும்போது பெரியவர்களைவிட அதிகமாகத் தண்ணீரை விழுங்குவார்கள், உடல் எடையோ குறைவு. அதே பாசி அவர்களுக்குப் பல மடங்கு ஆபத்து.

எண்ணாகச் சொன்னால், மைக்ரோசிஸ்டினுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வரம்பு, தொடர்ந்து குடிக்கும் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், குளிக்க, நீந்த 24 மைக்ரோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015இல் வெளியிட்ட பத்து நாள் குடிநீர் ஆலோசனை சிறு குழந்தைகளுக்கு இன்னும் கறாரானது: பள்ளி வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 0.3, மற்றவர்களுக்கு 1.6. புட்டிப்பால் கலக்கும் நீருக்கு நான் 0.3ஐத்தான் எடுத்துக்கொள்வேன். கொதிக்க வைத்தால் போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கொதித்தால் பாசியின் செல் உடைந்து நச்சு வெளியே வரும், தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தியும் கூடும். 2014 ஆகஸ்டில் வட அமெரிக்கப் பேரேரிகளில் ஒன்றான ஈரி ஏரியில் பாசி பெருகியபோது அமெரிக்காவின் டொலீடோ நகரத்திலும் சுற்றுப்பகுதியிலும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம், குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. பெரிய சுத்திகரிப்பு நிலையம் வைத்திருந்த ஊருக்கே அந்த நிலை.

பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒன்று காற்று. இந்தப் பாசி மிதக்கும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தக் கரையில் போய்ச் சேர்ந்து திரளும். ஒரே ஏரியில் ஒரு கரை சுத்தமாகவும் எதிர்க்கரை நாற்றமாகவும் இருப்பது சகஜம். வெயில் காலத்தில் அங்கே காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்று விசாரியுங்கள். அது உங்கள் வீட்டை நோக்கி என்றால், ஏரி முழுவதின் படலமும் உங்கள் படித்துறையில்தான் ஒதுங்கும்.

சந்தேகமான பச்சை தெரிந்தால் கையுறை போட்டுக்கொண்டு ஒரு குச்சியை விட்டு எடுங்கள். தலைமுடி மாதிரி இழை இழையாகத் தொங்கினால் அது பெரும்பாலும் சாதாரண இழைப்பாசி. பெயின்டில் முக்கியது மாதிரி பூசிக்கொண்டு வந்தால் விலகி நில்லுங்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால்வாசி பிடித்து ஓர் இரவு ஃபிரிட்ஜில் அசைக்காமல் வைத்தும் பார்க்கலாம். மேலே பச்சை வளையம் கட்டினால் நீலப்பச்சைப்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம், அடியில் படிந்தால் குறைவு. நச்சு இருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

கிருமிகள் விஷயம் இதைவிட நேரானது. மலக்கலப்பைக் காட்டும் அடையாளமாக ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். நீந்தும் தண்ணீருக்கு அமெரிக்க அளவுகோல், பல மாதிரிகளின் பெருக்குச் சராசரி 100 மில்லிக்கு 126க்குள் இருக்க வேண்டும் என்பது. கனமழைக்குப் பிறகு இந்த எண் தாறுமாறாக ஏறும். நல்ல ஏரியாக இருந்தாலும் மழைக்குப் பின் இரண்டு, மூன்று நாள் குழந்தைகளை இறக்காதீர்கள். வெப்பமான பகுதிகளில் நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோயும், எலிக்காய்ச்சலும், மிக அரிதாக மூக்கு வழியே ஏறி மூளையைத் தாக்கும் அமீபாவும் உண்டு. அந்த வட்டாரத்தில் இவை பதிவாகியிருக்கின்றனவா என்று உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அப்புறம் கிணறு. ஏரியின் மீது கண் வைத்துவிட்டு இதை விட்டுவிடுபவர்கள் நிறைய. கைக்குழந்தை தினமும் குடிக்கப்போவது இந்தத் தண்ணீரைத்தானே. வயல் பக்கத்தில் இருப்பதால் முதலில் பார்க்க வேண்டியது உரத்திலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்கும் நைட்ரேட். நைட்ரேட் அதிகமான நீரில் கலந்த பாலைக் குடிக்கும் சிசுவின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும், உடல் நீலம் பாரிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும். சில அறிக்கைகள் நைட்ரேட்டாகவே எழுதும், சில "நைட்ரஜனாக" எழுதும். நைட்ரேட்டாக 50 என்பது நைட்ரஜனாகச் சுமார் 11தான். அறிக்கையில் 20 என்று பார்த்து, 50க்குக் கீழேதானே என்று நிம்மதியடைந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அது நைட்ரஜன் கணக்கு, வரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அலகைப் பார்த்துவிட்டு எண்ணைப் படியுங்கள். நைட்ரேட்டும் கொதித்தால் போகாது, கரி ஃபில்டரிலோ புறஊதா விளக்கிலோ போகாது. ஆர்.ஓ. அல்லது அதற்கென்றே உள்ள அயனி மாற்றுக் கருவி வேண்டும்.

அதோடு ஆர்சனிக் (லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்), ஃபுளோரைடு (1.5 மில்லிகிராம்), மாங்கனீசு, ஈயம், ஈ.கோலை (100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது) ஆகியவற்றையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஆய்வகம் தரும் புட்டியில், ஃபில்டருக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து, நீங்களே பிடியுங்கள். ஈயத்துக்கு மட்டும் இரவு முழுக்கக் குழாயில் நின்ற முதல் நீர், சமையலறைக் குழாயிலிருந்து. கிணற்றில் சமீபத்தில் குளோரின் ஊற்றினார்களா என்று கேளுங்கள், ஊற்றிய வாரத்தில் எந்தக் கிணறும் சுத்தமாகத்தான் தெரியும். ஏரிக்கு மிக அருகில் ஆழம் குறைந்த கிணறு என்றால் அது ஏரித் தண்ணீரையே இழுத்துக்கொண்டிருக்கவும் கூடும். மழைக்காலத்தில் இன்னொரு முறை சோதிப்பது நல்லது.

செப்டிக் டேங்க்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், கடைசியாக எப்போது உறிஞ்சினார்கள் என்ற ரசீதைக் கேளுங்கள். கழிப்பறையில் சோதனைச் சாயம் ஊற்றி, சில நாட்களுக்குக் கரையோரம் நிறம் வருகிறதா என்று பார்ப்பது பழைய முறை, இன்றும் உதவும். உங்கள் டேங்க்கை நீங்கள் மாற்றிவிடலாம். கரை நெடுக உள்ள மற்ற வீடுகளின் டேங்க் எப்படி என்பதுதான் ஏரிக்கு முக்கியம். பொதுக் கழிவுநீர்க் குழாய் வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று உள்ளாட்சியில் விசாரியுங்கள்.

இதையெல்லாம் சேர்த்து எப்படி எடைபோடுவது? நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். கிணறு, குழாய், சொந்த டேங்க் ஆகியவை பணம் செலவழித்துச் சரிசெய்யக்கூடியவை. அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசலாம். ஏரியின் ஆழம், எதிர்க்கரை நிலம், காற்றின் திசை, சேற்றில் உள்ள பாஸ்பரஸ் ஆகியவை உங்கள் கையில் இல்லை. நைட்ரேட் உள்ள கிணறும் நல்ல ஏரியும் ஒரு பக்கம், நல்ல கிணறும் வருடா வருடம் பாசி பிடிக்கும் ஏரியும் மறுபக்கம் என்றால் நான் தயங்காமல் முதல் வீட்டைத்தான் சொல்வேன். வாசலில் தண்ணீர் இருந்தும் கோடை முழுக்க "இறங்காதே, தொடாதே" என்று ஐந்து வயதுப் பிள்ளையைக் கத்திக்கொண்டே இருப்பது யாருக்கும் நல்ல வாழ்க்கை இல்லை. அந்த வயதுப் பிள்ளை சொன்னதைக் கேட்கும் என்று நம்பி இருக்கவும் முடியாது.

உங்கள் வீட்டைப் பற்றி நேராகச் சொன்னால், தெரிந்த விவரங்களை வைத்து இன்றைக்கே முன்பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். ஆழமில்லாத ஏரி, எதிரே வயல் என்ற இரண்டும் சேர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றும் இப்போதே சொல்லிவிட மாட்டேன், ஏனென்றால் தாவரம் நிறைந்த தெளிந்த நிலையில் அது இன்னும் உறுதியாக நிற்கிறதோ என்னவோ. ஐந்து வருடக் கோடைப் படங்களை இந்த வாரமே பார்த்துவிடலாம், காசு செலவில்லை. அதில் பச்சை தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். தெரியவில்லை என்றால், கிணற்று நீர் அறிக்கையையும் ஏரியின் மொத்தப் பாஸ்பரஸ் அளவையும் ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள். அடுத்த பெருமழைக்கு மறுநாள் காலையில் போய், வயல்பக்க வாய்க்கால் ஏரியில் விழும் இடத்தில் நின்று பாருங்கள். அங்கே நாணலும் கோரையும் அடர்ந்து தண்ணீர் வடிகட்டி இறங்கினால் நான் அந்த வீட்டைப் பற்றி மேலே பேசுவேன். வெட்டிவிட்ட வாய்க்கால் நேராகச் சேற்றைக் கொண்டுவந்து கொட்டினால், வேறு வீடு தேடத் தொடங்கிவிடுவேன்.